மஞ்சள் தலையனின் பெருவழி

கனடாவின் மனிடோபா மாகாணத் தலைநகரான வினிபெக்கில், போர்ட்டேஜ் சாலையும் மெயின் சாலையும் கூடும் முனையில் தொடங்குவதாக ஒரு நெடுஞ்சாலையைக் கணக்கிடுகிறார்கள். அது மேற்கே சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களின் புல்வெளியைக் கடந்து, ராக்கி மலைத்தொடரில் ஒரு தாழ்ந்த கணவாய் வழியே புகுந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவின் காடுகளூடே பசிபிக் கரையிலுள்ள பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தை அடைகிறது. அங்கும் முடிவதில்லை. ஏழெட்டு மணி நேரம் கப்பலில் சென்றபின் ஹைடா குவாய் தீவுகளில் மீண்டும் கரையேறி, மாசெட் என்னும் சிற்றூரில்தான் நிற்கிறது. மொத்தம் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். எண் 16. பெயர் ‘யெல்லோஹெட்’ நெடுஞ்சாலை; தமிழில் சொன்னால், மஞ்சள் தலை.

கனடாவைக் குறுக்கே கடக்கும் சாலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1ஆம் எண் சாலைதான். 1962இல் ராஜர்ஸ் கணவாயில் விழா எடுத்துத் திறக்கப்பட்ட அந்தச் சாலையைப் பற்றி நூல்கள் ஏராளம். அதற்கு வடக்கே ஓடும் 16ஆம் எண் சாலை தம்பி முறையிலேயே வைத்துப் பேசப்படுகிறது. அதன் கணவாய்ப் பகுதி முறையாகத் திறக்கப்பட்டது 1970இல். மாகாணத்துக்கு மாகாணம் வெவ்வேறு எண்களைச் சுமந்துகொண்டிருந்த பகுதிகள் ஒரே எண்ணுக்கு வந்தது அதற்கும் பின்னர். நாட்டைக் கடக்கும் நெடுஞ்சாலை வலையமைப்பின் உறுப்பாக அது ஏற்கப்பட்டது 1990இல்தான். ஆனால் வழி என்ற அளவில் பார்த்தால் தம்பியே மூத்தவன். தெற்கே இருப்புப்பாதை வருவதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே இந்த வடக்கு வழியில் வண்டித் தடங்கள் ஆழப் பதிந்திருந்தன.

காரணம் நிலத்தில் இருக்கிறது. பிரெய்ரி என்றால் மரமே இல்லாத புல்வெளி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தெற்கே அது ஓரளவு உண்மை. வடக்கே செல்லச் செல்லப் புல்வெளிக்கு நடுவே ஆஸ்பென் மரத்தோப்புகளும் சிறு ஏரிகளும் கலந்துகிடக்கும். பிறகுதான் அடர்ந்த ஊசியிலைக் காடு. இந்த இடைப்பட்ட வளையத்தில்தான் மாட்டுக்குப் புல், மனிதனுக்கு விறகு, இருவருக்கும் நீர் மூன்றும் ஒருசேரக் கிடைத்தன. 1857 முதல் 1860 வரை இப்பகுதியை ஆராய்ந்த ஜான் பாலிசரின் குழு, தெற்கே உள்ள வறண்ட முக்கோணம் வேளாண்மைக்கு ஆகாது என்றும் வடக்கே வில்போல் வளைந்த ஒரு பட்டை வளமானது என்றும் எழுதிவைத்தது. வண்டியோட்டிகளுக்கு அந்த அறிக்கை தேவைப்படவில்லை. அவர்களுடைய மாடுகள் அதை முன்பே கண்டுபிடித்திருந்தன.

முதலில் பெயர்க்காரனைப் பார்த்துவிடுவோம். பியேர் போஸ்தோனே என்பவன் இரோகுவா இனத்தின் கலப்பு வழியில் வந்தவன். தோல் வணிகர்களுக்குப் பொறிவைத்துப் பிடிப்பவனாகவும் வழிகாட்டியாகவும் இருந்தான். கருங்கூந்தலாரின் நடுவே அவனுக்கு மட்டும் வெளிர்ந்த முடி. பிரெஞ்சு பேசிய படகோட்டிகள் அவனை ‘தேத் ஜோன்’, அதாவது மஞ்சள் தலையன் என்று அழைத்தார்கள். 1819இல் ஹட்சன் வளைகுடாக் கம்பெனியின் இஞ்ஞாஸ் ஜியாசோன் என்ற எழுத்தரைக் கணவாயைக் கடந்து மேற்கே அழைத்துச் சென்றவன் அவன். 1825இல் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் மக்மிலன் அந்தக் கணவாயை ஆராய வந்தபோதும் அவனே துணை. மலைக்கு மேற்கே ‘நியூ கலிடோனியா’ என்று கம்பெனி வழங்கிய பகுதியில் பெருவிலங்குகள் குறைவு. காலணி தைக்கவும் பொதி கட்டவும் பதனிட்ட தோல் கிழக்கிலிருந்தே போகவேண்டியிருந்தது. அதனால் அந்தக் கணவாய்க்குச் சில காலம் ‘தோல் கணவாய்’ என்றே பெயர்.

மஞ்சள் தலையனின் முடிவு கொடியது. 1820களின் இறுதியில் அவனும் அவன் தம்பியும் குடும்பத்தோடு டேன்-சா இனத்தவரால் கொல்லப்பட்டார்கள். கிழக்கிலிருந்து கம்பெனிகளோடு வந்த இரோகுவா வேட்டையாளர்கள் தங்கள் காடுகளைத் துடைத்தெடுக்கிறார்கள் என்ற ஆத்திரம் டேன்-சா மக்களிடம் இருந்தது. அது பொய்யான ஆத்திரமும் அல்ல. ஆற்றுப்படை நூல்களைக் கற்பிக்கும்போது ‘ஆறு’ என்பதற்கு வழி என்று பொருள் சொல்லிவிட்டு நாங்கள் ஆசிரியர்கள் நகர்ந்துவிடுவோம். வழி சொன்னவன் பிறகு என்ன ஆனான் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. இந்தச் சாலையில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. நெடுகிலும் நட்டிருக்கும் அடையாளப் பலகைகளில் எண்ணோடு ஒரு மனிதத் தலையின் பக்கத்தோற்றமும் மஞ்சள் நிறத்தில் வரையப்பட்டிருக்கிறது. அவன் பிறரை அழைத்துச் சென்ற நிலம் அவனுடையதும் அல்ல, அவனை அமர்த்திய கம்பெனியுடையதும் அல்ல.

வினிபெக் நகரம் இருக்கும் இடத்தில் அன்று கேரி கோட்டை இருந்தது. அங்கிருந்து எட்மன்டன் கோட்டை வரை சென்ற கார்ல்டன் தடம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். இன்றைய 16ஆம் எண் சாலை அதன்மீது அப்படியே ஓடுகிறது என்று சொல்ல முடியாது. பழைய தடம் எல்லிஸ் கோட்டை, டச்வுட் குன்றுகள், கார்ல்டன் கோட்டை, பிட் கோட்டை என்று கோட்டைகளைத் தொட்டுத் தொட்டுச் சென்றது. கோட்டைகள் ஆற்றங்கரையில் இருந்தன. இன்றைய சாலை இருப்புப்பாதை ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. இரண்டும் சில இடங்களில் நெருங்கி, சில இடங்களில் நூறு கிலோமீட்டர்வரை விலகி, எட்மன்டனில் சந்திக்கின்றன.

அந்தத் தடத்தின் நாயகன் ‘செவ்வாற்று வண்டி’. பிரெஞ்சுத் தந்தையரும் முதற்குடித் தாயரும் தந்த மரபில் உருவான மேட்டி மக்களின் படைப்பு அது. முழுவதும் மரம், ஓர் இரும்பு ஆணிகூடக் கிடையாது. ஆளுயரத்தை நெருங்கும் இரண்டு சக்கரங்கள், ஒரு மாடு அல்லது குதிரை, நானூறு கிலோவுக்கு மேல் சுமை. வழியில் அச்சு முறிந்தால் பக்கத்துத் தோப்பில் ஒரு மரத்தை வெட்டிச் செதுக்கிக்கொள்ளலாம். ஆறு குறுக்கிட்டால் சக்கரங்களைக் கழற்றி, தோலைச் சுற்றி, வண்டியையே தெப்பமாக்கலாம். ஒரு குறை உண்டு. அச்சுக்கு மசகு போட்டால் புழுதி அப்பி அச்சைத் தின்றுவிடும் என்பதால் போடுவதில்லை. எனவே மரத்தோடு மரம் உராய்ந்து எழும் கிறீச்சொலி, வண்டிகள் கண்ணுக்குத் தெரிவதற்கு நெடுநேரம் முன்பே காதுக்கு எட்டிவிடும். நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒன்றாகப் புறப்பட்டால் எப்படியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முன்வண்டியின் புழுதியிலிருந்து தப்ப ஒவ்வொருவரும் பக்கவாட்டில் விலகி ஓட்டினார்கள். அதனால் தடம் ஒற்றைக் கோடாக இல்லாமல் பல கோடுகள் கொண்ட பட்டையாக விரிந்தது. உழுபடாத சில துண்டு நிலங்களில் அந்தப் பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன.

வண்டிகளில் சென்ற சரக்குகளில் முக்கியமானது பெமிக்கன். காட்டெருமை இறைச்சியை உலர்த்தி இடித்து, உருக்கிய கொழுப்பைக் கலந்து, சில சமயம் காட்டுப் பழங்களையும் சேர்த்துத் தோல்பையில் திணித்துத் தைத்துவிடுவார்கள், ஆண்டுக்கணக்கில் கெடாது. தோல் வணிகம் முழுவதும் இந்த உணவின் முதுகில் நடந்தது. கார்ல்டன், பிட் கோட்டைகள் தோலைவிடப் பெமிக்கனுக்காகவே பேர்பெற்றவை.

1862 கோடையில் இத்தடத்தில் சென்ற ஒரு கூட்டத்தை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, தாமஸ் மக்மிக்கிங் தலைமையில் நூற்றைம்பது பேர் அளவில் கேரி கோட்டையிலிருந்து செவ்வாற்று வண்டிகளில் புறப்பட்டார்கள். அவர்களில் ஒரே பெண் கேத்தரின் ஷூபர்ட், அயர்லாந்தில் பிறந்தவர். கணவரும் மூன்று குழந்தைகளும் உடன், வயிற்றில் நான்காவது. எட்மன்டனில் வண்டிகளை விட்டுப் பொதிக் குதிரைகளுக்கு மாறி, யெல்லோஹெட் கணவாயைக் கடந்தார்கள். பிறகு சிலர் ஃபிரேசர் ஆற்றிலும் சிலர் தாம்சன் ஆற்றிலும் தெப்பம் கட்டி இறங்கினார்கள், சிலர் மூழ்கினார்கள். அக்டோபரில் காம்லூப்ஸ் வந்துசேர்ந்தவுடன் கேத்தரின் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். தங்கம் தேடிச் சென்றவர்களில் பணக்காரர் ஆனவர் என்று சொல்லத்தக்கவர் எவரும் இல்லை.

1870இல் ஹட்சன் வளைகுடாக் கம்பெனி தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட நிலத்தை 3,00,000 பவுண்டுக்குக் கனடாவிடம் ஒப்படைத்தது. அங்கு வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை. அதே ஆண்டில் பெரியம்மை சஸ்காட்சுவான் ஆற்றங்கரை நெடுகப் பரவிக் குடிகளை அள்ளிச் சென்றது. அடுத்த பத்தாண்டுக்குள் காட்டெருமை தீர்ந்தது. இந்தப் பின்னணியில்தான் 1876இல் கார்ல்டன் கோட்டையிலும் பிட் கோட்டையிலும் ஆறாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்ற கணக்கில் ஒதுக்கு நிலம். ஆண்டுக்கு ஆளுக்கு ஐந்து டாலர். பஞ்சம் வந்தால் அரசு உதவவேண்டும் என்றும், அரசு முகவரின் வீட்டில் ஒரு மருந்துப் பெட்டி இருக்கவேண்டும் என்றும் கிரீ தலைவர்கள் வாதாடி இரண்டு வரிகளைச் சேர்க்கவைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் பவுண்ட்மேக்கர் என்ற இளைஞர், இந்த நிலம் எங்களுடையது. அதைப் பெமிக்கன்போல நறுக்கி எங்களுக்கே துண்டு துண்டாகத் திருப்பித் தருவது என்ன நியாயம் என்ற பொருள்படப் பேசியதாகப் பதிவு உண்டு. ஒரு மக்கள் கூட்டத்தின் அன்றாட உணவிலிருந்து பிறந்த உவமை. இதற்கு உரை தேவையில்லை. பிறகு அவரும் கையெழுத்திட்டார். பிக் பேர் என்ற தலைவர் மட்டும் 1882 வரை மறுத்துக்கொண்டிருந்தார். பசி அவரைக் கையெழுத்திட வைத்தது.

இதற்கிடையே இருப்புப்பாதைக் கதை. கடலிலிருந்து கடலுக்குப் போடவிருந்த பாதைக்குத் தலைமைப் பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் 1872இல் தானே பயணம் செய்து பார்த்து, யெல்லோஹெட் கணவாய்தான் சிறந்தது என்றார். மலைத்தொடரின் முகட்டை 1,130 மீட்டர் அளவிலேயே கடந்துவிடலாம், ஏற்றமும் மென்மை. அந்தக் கணக்கை நம்பி வடக்கே தந்திக் கம்பி நீண்டது. பாட்டில்ஃபோர்ட் என்ற ஆற்றங்கரை ஊர் வடமேற்கு ஆட்சிப்பகுதியின் தலைநகரானது. ஆளுநருக்கு மாளிகை எழுந்தது. 1881இல் பொறுப்பேற்ற கனடியன் பசிபிக் கம்பெனி எல்லாவற்றையும் மாற்றியது. அமெரிக்க இருப்புப்பாதைகள் எல்லைக்கு வடக்கே கிளைவிட்டு வணிகத்தை இழுத்துவிடக்கூடாது என்பது ஒரு காரணம். வடக்கே நிலத்தரகர்கள் முந்திக்கொண்டார்கள், தெற்கே ஊர்களைத் தானே உருவாக்கி விற்கலாம் என்பது இன்னொன்று. பாலிசர் வறண்டது என்று தள்ளிய நிலத்தை, மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் சுற்றிப்பார்த்த ஜான் மக்கூன் என்ற தாவரவியலாளர் வளமானது என்று சான்று தந்தது வசதியாகப் போயிற்று. பாதை நூற்றுக்கணக்கான மைல் தெற்கே நகர்ந்தது. 1883இல் தலைநகரும் ரெஜைனாவுக்குப் போயிற்று. (மக்கூனின் சான்றுக்கு என்ன விலை என்பதை 1930களின் புழுதிப் புயல்களில் தெற்கு உழவர்கள் தெரிந்துகொண்டார்கள்.)

1885 வசந்தத்தில் பட்டோச்சில் லூயி ரியேல் தலைமையில் மேட்டி மக்கள் எழுந்ததையும் அடக்கப்பட்டதையும் விரிக்கப் புகுந்தால் கட்டுரை வேறாகிவிடும். சாலையோடு தொடர்புடையதை மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் 2ஆம் நாள், ரேஷனை நிறுத்தி வைத்திருந்த அரசு முகவர் உட்பட ஒன்பது பேர் ஃப்ராக் லேக் என்னும் இடத்தில் பிக் பேரின் போர்வீரர்களால் கொல்லப்பட்டார்கள். தங்கள் தலைவர் தடுத்தும் அவர்கள் கேட்கவில்லை. மே 2ஆம் நாள் கட் நைஃப் குன்றில் பவுண்ட்மேக்கரின் மக்களை அரசுப் படை தாக்கித் தோற்றுப் பின்வாங்கியது. ஓடுகிறவர்களைத் துரத்திக் கொல்லவேண்டாம் என்று தன் வீரர்களைத் தடுத்தவர் பவுண்ட்மேக்கர். இருவருக்கும் அரச துரோகக் குற்றச்சாட்டில் சிறை. பவுண்ட்மேக்கர் 1886இலும் பிக் பேர் 1888இலும், விடுதலையான சில மாதங்களில் இறந்துபோனார்கள். 1885 நவம்பர் 27 அன்று பாட்டில்ஃபோர்ட் கோட்டைக்குள் ஒரே தூக்குமேடையில் ஆறு கிரீ ஆண்களும் இரண்டு அசினிபோயின் ஆண்களும் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். பழைய ஆளுநர் மாளிகையில் 1883இல் திறக்கப்பட்ட தொழிற்பள்ளியின் முதற்குடிச் சிறுவர்களை அழைத்துவந்து அதைப் பார்க்கவைத்தார்கள். எட்டுப் பேரையும் ஒரே குழியில் புதைத்தார்கள். 16ஆம் எண் சாலை பாட்டில்ஃபோர்டில் ஆற்றைக் கடக்கிறது. அந்தக் குழி அங்கிருந்து தொலைவில் இல்லை. பவுண்ட்மேக்கர் குற்றமற்றவர் என்று கனடாப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ அவருடைய ஒதுக்கு நிலத்துக்கே வந்து அறிவித்தது 2019 மே 23 அன்று.

சாலையின் வரலாற்றுக்குத் தூக்குமேடையைவிட முக்கியமானது என்று நான் கருதுவது அதே ஆண்டு தொடங்கிய அனுமதிச் சீட்டு முறை. ஒதுக்கு நிலத்தை விட்டு வெளியே செல்லவேண்டுமானால், எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று எழுதி அரசு முகவர் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை முதற்குடியினர் வைத்திருக்கவேண்டும். பக்கத்து ஊரில் தானியம் விற்க, பள்ளி விடுதியில் அடைபட்ட பிள்ளையைப் பார்க்க, மகளின் திருமணத்துக்குப் போக, எல்லாவற்றுக்கும் சீட்டு. இதற்குச் சட்டம் ஏதும் இல்லை. சட்ட அடிப்படை இல்லை என்பது அதிகாரிகளுக்கும் தெரியும். ஆனாலும் பல இடங்களில் 1930கள் வரையிலும் அதற்குப் பின்னரும்கூட நடைமுறையில் இருந்தது. காட்டெருமைக் கூட்டத்தின் பின்னே தலைமுறை தலைமுறையாக நடந்து வழியை உண்டாக்கியவர்கள், அந்த வழியில் நடக்கச் சீட்டு கேட்டு வரிசையில் நின்றார்கள்.

மேட்டி மக்களுக்கு நேர்ந்தது வேறு விதம். அரசு பிரெய்ரி முழுவதையும் சதுர மைல்களாக வெட்டி அளந்தது. சதுரங்களுக்கு நடுவே, பின்னாளில் சாலை போடுவதற்காக, ஓர் அளவுச் சங்கிலி அகலமுள்ள, அதாவது 66 அடி கொண்ட பட்டைகளை விட்டுவைத்தது. 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து டாலர் கட்டிய எவருக்கும் 160 ஏக்கர். நிலமற்றுப்போன மேட்டி குடும்பங்களோ, எவருக்கும் சொந்தமில்லாத அந்தச் சாலைப் பட்டைகளில் குடிசை போட்டுக்கொண்டார்கள். ‘சாலையோர மக்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. வண்டியோட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சியது இன்னும் போடப்படாத சாலை. வரி கட்டாதவர்கள் என்பதால் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்த ஊர்களும் உண்டு. பழைய எல்லிஸ் கோட்டைக்கு அருகே செயின்ட் மடலீன் என்ற மேட்டி ஊர் ஒன்று இருந்தது. 1930களின் இறுதியில், வறட்சியில் நொந்த உழவர்களுக்குப் பொது மேய்ச்சல் நிலம் அமைக்கிறோம் என்று சொல்லி அதன் வீடுகளைக் கொளுத்தினார்கள், நாய்களைச் சுட்டார்கள். இடுகாடு மட்டும் நிற்கிறது.

இதே நிலத்துக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் கதையை நினைக்கையில் மனம் இரண்டாகப் பிரிகிறது. 1899இல் ரஷ்யாவிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட துக்கோபார்கள், ஆயுதம் ஏந்த மறுத்ததற்காக வதைக்கப்பட்ட கிறித்தவர்கள், யார்க்டன் ஊரைச் சுற்றிக் குடியேறினார்கள். அவர்களுடைய கப்பல் செலவுக்காகவே தல்ஸ்தோய் தன் ‘புத்துயிர்ப்பு’ நாவலை முடித்து, அதன் வருவாயைக் கொடுத்தார். ஒரு கப்பலில் அவர் மகன் செர்கேயும் துணைக்கு வந்தார். மாடுகள் போதாமல் பெண்கள் கலப்பையில் தம்மைப் பூட்டிக்கொண்டு உழுத ஒளிப்படங்கள் புகழ்பெற்றவை. நிலத்தைத் தனித்தனியே பதிவு செய்யவும் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கவும் அவர்கள் மறுத்ததால், 1907இல் பெரும்பகுதி நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. பலர் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போனார்கள். ‘புத்துயிர்ப்பு’ வாங்கித் தந்த நிலம் எட்டு ஆண்டுதான் நிலைத்தது.

உக்ரேனியர் நிலை மேல். கலீசியாவிலிருந்தும் புக்கோவினாவிலிருந்தும் வந்த அவர்கள் எட்மன்டனுக்குக் கிழக்கே தோப்புகளை வெட்டிக் கோதுமை விளைவித்தார்கள். இன்றும் 16ஆம் எண் சாலையில் எட்மன்டனை நெருங்கும்போது வெங்காய வடிவக் கோபுரம் கொண்ட தேவாலயங்கள் தெரியும். வெக்ரவில் ஊரில் 1975இல் ஒரு பெரிய ஈஸ்டர் முட்டையை அலுமினியத் தகடுகளால் செய்து நிறுத்தினார்கள், காற்றடித்தால் திரும்பும். வளைந்த முட்டை வடிவைத் தட்டையான தகடுகளால் மூடக் கணினி வடிவியலைப் பயன்படுத்திய முன்னோடி வேலை அது. குடியேறியவர்களுக்குப் பாதுகாப்பளித்த காவல்படையின் நூற்றாண்டு நினைவாக அதை எழுப்பினார்கள். அந்த நன்றியில் பொய் இல்லை. அனுமதிச் சீட்டு இல்லாதவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பியதும் அதே காவல்படைதான்.

இலக்கிய வாசகர்கள் இந்தச் சாலையில் நிற்கவேண்டிய ஊர் மனிடோபாவின் நீப்பவா. மார்கரெட் லாரன்ஸ் 1926இல் பிறந்த ஊர். அவர் தன் நாவல்களில் மனவாக்கா என்று பெயர் மாற்றி எழுதியது பெரும்பாலும் இந்த ஊரைத்தான். அவருடைய அஸ்தியும் இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறது. அந்த நாவல்களில் ஊரின் மரியாதைக்குரிய ஸ்காட்டியக் குடும்பங்களுக்குக் கீழே, பள்ளத்தில் குடிசை போட்டு வாழும் ஒரு மேட்டி குடும்பம் நாவலுக்கு நாவல் திரும்பத் திரும்ப வரும். சாலையோர மக்களைப் பற்றி வரலாற்று நூல்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே ஒரு நாவலாசிரியர் பேசியிருக்கிறார்.

இனி, காருக்கான சாலை. அது போர் தந்த கொடை. எட்மன்டனிலிருந்து கணவாய்க்குக் கிராண்ட் டிரங்க் பசிபிக், கனடியன் நார்தர்ன் என்ற இரு கம்பெனிகள் போட்டிக்கு இரண்டு இருப்புப்பாதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தன. ஒரு வண்டியிலிருந்து பார்த்தால் மற்றது தெரியுமாம். இரண்டுக்கும் போதிய சரக்கு இல்லை. (கிராண்ட் டிரங்க் தலைவர் சார்லஸ் ஹேஸ், பிரின்ஸ் ரூபர்ட்டை வான்கூவருக்குப் போட்டியாக வளர்க்கக் கனவு கண்டவர், 1912இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கினார்.) முதல் உலகப் போரில் பிரான்சுக்குத் தண்டவாளம் தேவைப்பட்டபோது, இரட்டைப் பாதையில் ஒன்றைப் பெயர்த்து அனுப்பினார்கள். மண்மேடு எஞ்சியது. 1922இல் இருவர் அந்த மண்மேட்டிலும், இருந்த தண்டவாளத்தின் மேலும், ஆற்றங்கரையிலுமாக எட்மன்டனிலிருந்து விக்டோரியாவரை காரை ஓட்டிச் சென்று காட்டினார்கள். சாலை வேண்டும் என்ற குரல் அதன்பின் ஓயவில்லை.

குரலுக்கு வேலையாட்களைத் தந்ததும் போர்தான், இரண்டாம் போர். 1942இல் பசிபிக் கரையிலிருந்து ஏறத்தாழ 22,000 ஜப்பானியக் கனடியர்கள் வேரோடு அகற்றப்பட்டார்கள். முதலில் பிரிக்கப்பட்டவர்கள் உழைக்கத்தக்க ஆண்கள். அவர்களைக் கணவாயின் இருபுறமும் கெய்க்கி, லூசெர்ன், ரெயின்போ, ரெட் பாஸ் முதலிய முகாம்களில் இறக்கி, மண்வெட்டியும் தள்ளுவண்டியும் தந்து சாலை போடச் சொன்னார்கள். மனைவி மக்கள் எங்கே என்று தெரியாத பலர் வேலையை நிறுத்தினார்கள். சிலரை ஒன்டாரியோவில் போர்க்கைதி முகாமுக்கு அனுப்பினார்கள். கடற்கரைக்குத் திரும்ப அவர்களுக்கு அனுமதி கிடைத்தது 1949 ஏப்ரலில், போர் முடிந்து நான்கு ஆண்டு கழித்து. அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 21,000 டாலர் தந்தது 1988இல்.

மலையைத் தாண்டிய சாலை பிரெய்ரிக்கு உரியதன்று என்றாலும், எண் ஒன்றுதானே. பிரின்ஸ் ஜார்ஜுக்கும் பிரின்ஸ் ரூபர்ட்டுக்கும் இடையே 700 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பகுதியை இன்று உலகம் ‘கண்ணீர் நெடுஞ்சாலை’ என்று அறியும். 1969 முதல் அங்கும் அதை ஒட்டிய சாலைகளிலும் பல பெண்கள் காணாமல்போனார்கள், கொல்லப்பட்டார்கள். மிகப் பலர் முதற்குடிப் பெண்கள். காவல்துறையின் தனிக்குழு எடுத்துக்கொண்ட பட்டியலில் 18 பேர். குடும்பங்கள் வைத்திருக்கும் பட்டியல் அதைவிட நீளம். ஒதுக்கு நிலத்திலிருந்து மருத்துவமனைக்கோ கடைக்கோ போகப் பேருந்து இல்லாததால் அவர்கள் சாலையோரம் நின்று வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார்கள். 2006 மார்ச்சில் பிரின்ஸ் ஜார்ஜில் கூடிய மாநாடு 33 பரிந்துரைகளைத் தந்தது. சிறு பேருந்துகள் விடவேண்டும் என்பது அவற்றில் தலையாயது. பேருந்து வந்தது 2017இல். மறு ஆண்டே கிரேஹவுண்ட் நிறுவனம் இலாபமில்லை என்று வட பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், பின்னர் மேற்குக் கனடாவின் பிற பகுதிகளிலும் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. மாகாண அரசு மாற்றுப் பேருந்து ஒன்றைத் தொடங்கவேண்டியதாயிற்று. பதினொரு ஆண்டு என்பது ஒரு பேருந்துக்கு நீண்ட காத்திருப்பு.

பிரின்ஸ் ரூபர்ட்டில் கப்பல் ஏறினால் சாலை ஸ்கிடகேட்டில் கரையேறுகிறது. அங்கிருந்து மாசெட் வரை நூறு கிலோமீட்டர் அளவுதான். முன்பு ராணி சார்லட் தீவுகள் என்று வரைபடங்களில் இருந்த இடம். 2010இல் ஹைடா குவாய் என்ற தன் பெயரைத் திரும்பப் பெற்றது. இங்கே எந்த ஒப்பந்தமும் ஒருபோதும் கையெழுத்தாகவில்லை. 2024 ஏப்ரலில் தீவுகள் முழுவதும் ஹைடா மக்களின் மூல உரிமைக்கு உட்பட்டவை என்று மாகாண அரசு உடன்படிக்கை வழியே ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு நடுவண் அரசும் ஏற்றது. சாலை அங்கே அரசு பராமரிப்பிலேயே தொடர்கிறது; எண் பலகையில் அதே மஞ்சள் தலை.